சித்திரக்கதை நூல்களும் இணைய ஏலமும்: தெல்லிப்பழையினின்று ஒரு நோக்கு

சித்திரக்கதை நூல்களை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமா என்னும் வினா நமது பல்கலைக்கழகச் சூழலிலிருந்து இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. சிறுவர் படித்துவிட்டு எறியும் மலிவு வெளியீடுகள் என்ற அளவிலேயே அவை நெடுங்காலம் நோக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும், 1938 ஆம் ஆண்டு ஆனி மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் பத்துச் சதத்துக்கு விற்கப்பட்ட 'அக்சன் கொமிக்ஸ்' முதலாவது இதழின் பிரதியொன்று, 2014 ஆவணி 24 ஆம் நாள் 'ஈபே' என்னும் இணைய ஏலத்தளத்தில் 3,207,852 டொலருக்கு விற்பனையாயிற்று. சுப்பர்மான் என்னும் பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய இதழ் அது. அதன் வேறொரு பிரதி 2024 சித்திரையில் ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் ஏலத்தில் 6 மில்லியன் டொலரைப் பெற்றது. 2025 கார்த்திகையில் அதே நிறுவனம் நடத்திய ஏலத்தில், 'சுப்பர்மான்' முதலாவது இதழின் (1939) பிரதியொன்று 9.12 மில்லியன் டொலருக்குப் போயிற்று. இவ்விலைகள் எவ்வாறு உருவாகின்றன, எவற்றை அவை கணக்கில் எடுக்கின்றன, எவற்றை எடுக்காது விடுகின்றன என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வலிகாமம் வடக்கின் தெல்லிப்பழையை நாம் நோக்குநிலையாகக் கொண்டமைக்கான காரணம் போகப் போகத் தெளிவாகும்.

ஏலம் என்பது நமது மக்களுக்குப் புதிய அனுபவமன்று. கரையோரத்தில் மீன் கூறி விற்கப்படுவதையும், சீட்டுக் கூறப்படுவதையும், கோயில் திருவிழாக்களில் நேர்த்திக்கு வந்த மாம்பழமும் பலாப்பழமும் ஏலம் விடப்படுவதையும் யாவரும் அறிவர். இம்மூன்றும் ஒரே தன்மையின அல்ல. மீன் கூறப்படும்போது பொருள் கண்முன் கிடக்கின்றது. மாலைக்குள் அது விற்றாக வேண்டும். வாங்குவோன் அதை மறுபடி விற்று உழைக்கப் போகின்றான். கோயில் ஏலத்திலோ பழத்தின் சந்தை விலைக்கும் கேட்கப்படும் விலைக்கும் தொடர்பே இல்லை. ஊரார் முன்னிலையில் ஒருவர் தம் பெயரை நிலைநாட்டிக்கொள்ளும் செயலாகவும், கோயிலுக்குச் செய்யும் கொடையாகவும் அது அமைகின்றது. சேகரிப்புக்குரிய சித்திரக்கதை நூல்களின் ஏலத்தில் இவ்விரு தன்மைகளும் கலந்துள்ளன. வாங்குவோருள் மறுவிற்பனை இலாபத்தை எண்ணுபவரும் உளர்; மற்றவர் எவரிடமும் இல்லாதது தம்மிடம் உண்டு என்னும் நிறைவுக்காகவே வாங்குபவரும் உளர். பொருளைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் இருவருக்கும் இல்லை. படத்தையும் விற்பவர் தரும் விவரணத்தையும் நம்பியே கேள்வி கேட்க வேண்டியுள்ளது.

ஈபே 1995 இல் தொடங்கப்பட்டது. அத்தளத்திற் கையாளப்படும் முறை சிறிது விளக்கத்தை வேண்டி நிற்கின்றது. கேள்வி கேட்பவர் தாம் கொடுக்கச் சம்மதமான உச்சத் தொகையை இரகசியமாகப் பதிவு செய்கின்றார். அவருக்காகக் கணினி, எதிர்க் கேள்விக்குச் சற்று மேலாக மட்டும், படிப்படியாக விலையை ஏற்றிச் செல்கின்றது. ஒருவர் 5,000 ரூபா வரை கொடுக்க ஆயத்தமாக இருந்து, அவருக்கு அடுத்தவர் 3,000 ரூபாவோடு நின்றுவிட்டால், நூல் 3,000 ரூபாவுக்குச் சற்று மேலான விலைக்கே போகும். வெல்பவரின் விருப்பத்தைவிட, தோற்பவரின் விருப்பமே விலையைத் தீர்மானிக்கின்றது என்பது இதன் உட்பொருள். இவ்வகை ஏலத்தின் கோட்பாட்டு அடிப்படையை வில்லியம் விக்ரி என்னும் பொருளியலாளர் 1961 இலேயே ஆராய்ந்திருந்தார். 1996 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆதலின் ஒரு நூல் எவ்வளவு அரிதாயினும், அதனை விரும்பும் இரண்டாமவர் ஒருவர் ஏலத்திற்கு வராவிடின் அதற்கு விலை எழாது. இச்சிறு உண்மையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அரும்பொருள்களின் விலை பற்றிச் செந்நெறிப் பொருளியலாளர் சிந்திக்காமல் இல்லை. டேவிட் ரிக்கார்டோ 1817 இல் வெளியிட்ட தமது நூலின் முதல் அத்தியாயத்திலேயே, அரிய சிலைகள், ஓவியங்கள், கிடைத்தற்கரிய நூல்கள், நாணயங்கள் ஆகியவற்றைத் தமது உழைப்புப் பெறுமதிக் கோட்பாட்டினின்றும் விலக்கி வைத்தார். உழைப்பினால் அவற்றின் தொகையைப் பெருக்க முடியாதாகையால், அருமையும் வாங்குவோரின் செல்வமும் விருப்பமுமே அவற்றின் பெறுமதியைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கருத்து. மார்க்சும் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், உழைப்பால் மறுபடி உற்பத்தி செய்ய இயலாத பழம்பொருள்களினதும் கலைப்படைப்புகளினதும் விலை தற்செயலான பல சேர்க்கைகளால் அமையக்கூடும் என்று குறிப்பிடுகின்றார். சித்திரக்கதை நூலோ இவ்வரையறைக்குள் எளிதில் அடங்காத ஒரு பண்டம். அது இலட்சக்கணக்கில் இயந்திரத்தால் அச்சிடப்பட்ட பொருள். பிறப்பிலே அது அரிதன்று. அதை அரிதாக்கியது பின்னர் நிகழ்ந்த அழிவே. 'அக்சன் கொமிக்ஸ்' முதலிதழ் ஏறத்தாழ இரண்டு இலட்சம் அச்சிடப்பட்டது என்றும், அவற்றுள் நூறளவிலான பிரதிகளே எஞ்சியுள்ளன என்றும் மதிப்பிடப்படுகின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு நடத்திய பழந்தாள் சேகரிப்பு இயக்கங்களில் சிறுவர் நூல்கள் பெருந்தொகையாகக் கூழாக்கப்பட்டன. எஞ்சியவற்றைத் தாய்மார் வீடு துப்புரவு செய்கையில் வீசினர். அழிவு எவ்வளவு முழுமையாக நிகழ்ந்ததோ அவ்வளவுக்கு விலையும் உயர்ந்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1980 களின் பிற்பகுதியில், பழைய நூல்களின் விலையுயர்வைக் கண்ட பலர், புதிதாக வெளிவரும் இதழ்களை முதலீடாகக் கருதி வாங்கிக் குவிக்கத் தொடங்கினர். 1991 இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதலிதழ் எண்பது இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாயிற்று. 1992 இல் சுப்பர்மானின் மரணத்தைக் கூறும் இதழ் கறுப்பு நெகிழிப் பையில் இடப்பட்டு வந்தது. பையைப் பிரியாமல் வைத்தவர் எத்தனையோ பேர். எல்லோரும் பாதுகாத்த நூல் எவ்வாறு அரிதாகும்? 1993 இல் தொடங்கிய வீழ்ச்சி பெருந்தொகையான கடைகளை மூட வைத்தது. மார்வெல் நிறுவனமே 1996 மார்கழியில் கடன்தீர்க்கவியலா நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாடியது. அவ்விதழ்கள் இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

அருமைக்கு அடுத்து விலையைத் தீர்மானிப்பது நூலின் நிலைமை. 1970 இல் வெளிவந்த ஓவர்ஸ்ரீற் விலைக்கையேடு அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு முதன்முதலாக ஓர் ஒழுங்கான விலைப்பட்டியலை அளித்தது. 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்னும் நிறுவனம், நூலைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரையான புள்ளி வழங்கி, அதனைக் கடினமான நெகிழிப் பேழையுள் அடைத்து முத்திரையிட்டு அனுப்புகின்றது. கண்ணாற் காணாது வாங்கும் இணைய ஏலத்துக்கு இத்தகைய சான்று இன்றியமையாததாயிற்று. இணையச் சந்தையின் வளர்ச்சியும் இந்நிறுவனத்தின் வளர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன எனலாம். பேழையுள் அடைபட்ட நூலை இனி எவரும் விரித்துப் படிக்க முடியாது. பேழையை உடைத்தால் புள்ளி செல்லாது. புள்ளி செல்லாவிடின் விலை வீழும். பயன்பெறுமதி முற்றாக நீங்கிப் பரிவர்த்தனைப் பெறுமதி மாத்திரம் எஞ்சி நிற்கும் பண்டத்துக்கு மாணவருக்கு உதாரணம் காட்ட விழையும் ஆசிரியர் இதனைக் காட்டலாம்.

படைத்தவர்க்கு இவ்விலையில் எப்பங்கும் இல்லை. சுப்பர்மானை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்ரரும் 1938 இல் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். அத்தொகையையும் வேறு சில வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டொலருக்கு எழுதப்பட்ட காசோலை அழியாது எஞ்சியிருந்து, 2012 இல் இணைய ஏலமொன்றில் 160,000 டொலருக்கு விற்பனையாயிற்று. சுரண்டலின் பற்றுச்சீட்டே சேகரிப்புப் பொருளாகியமைக்கு இதனினும் நேரான சான்று வேண்டியதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்ச் சித்திரக்கதை வெளியீட்டின் மையம் சிவகாசி. 1972 இல் முல்லை தங்கராசனின் ஆசிரியத்துவக் காலத்தோடு நினைவுகூரப்படும் முத்து காமிக்ஸ், எம். சௌந்தரபாண்டியனால் அங்கு தொடங்கப்பட்டது. பிரித்தானியாவின் 'வலியன்ற்' வார இதழில் 1962 இல் தொடங்கிய கதையொன்றே, 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் அதன் வழியே தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய மகன் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் 1984 ஆடியிலும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் அதே ஆண்டிலும் தோன்றின. இவற்றுக்கு முன்னதாக, 1964 முதல் பம்பாயிலிருந்து வெளிவந்த இந்திரஜால் கொமிக்ஸும் வேதாளனின் கதைகளைத் தமிழில் தந்ததுண்டு. அவ்வெளியீடு 1990 இல் நின்றுபோயிற்று. இவையனைத்தும் செய்தித்தாள் தரத்திலான தாளில், கம்பியாற் தைக்கப்பட்டு, பாடசாலை மாணவன் வாங்கக்கூடிய விலைக்கு வந்தவை. அத்தாளிலுள்ள அமிலமே காலப்போக்கில் அதனைப் பழுப்பாக்கி நொருங்கச் செய்துவிடும். நமது உப்புக்காற்றில் தையற்கம்பி விரைவிற் துருவேறும்.

தமிழ் நூல்களுக்கென ஓவர்ஸ்ரீற் போன்ற விலைக்கையேடும் இல்லை, சி.ஜி.சி. போன்ற தரப்படுத்தல் வழக்கமும் இல்லை. இந்தியாவில் 'பாசி' என்னும் ஏலத்தளத்தை 2004 இல் ஈபே வாங்கித் தன் கிளையாக்கியது. அக்கிளை 2018 இல் மூடப்பட்டது. அதன்பின் வாங்கல் விற்றல் பெரிதும் முகநூல், வட்ஸ்அப் குழுக்களுக்குப் பெயர்ந்தது. அட்டைப்படத்தைப் பதிவிட்டு, தொடக்க விலையையும் முடிவு நேரத்தையும் குறித்துவிட்டால், கேட்போர் அதன் கீழ் தத்தம் தொகையை எழுதுகின்றனர். விற்பவரின் நண்பரே பொய்க்கேள்வி கேட்டு விலையை ஏற்றுவதைத் தடுக்க இங்கு ஒழுங்கு எதுவுமில்லை. 2012 இன் பின்னர் லயன், முத்து வெளியீடுகள் புதிய அமைப்பிற் புத்துயிர் பெற்றுப் பழைய கதைகள் பலவற்றை நல்ல தாளில் மறுபதிப்புச் செய்தமையால், கதையைப் படிக்க விரும்புவோர்க்கு வழி பிறந்தது. ஆயினும் முதற்பதிப்புகளை நாடுவோர் ஓயவில்லை. பன்னிரண்டு வயதிற் கையிலேந்திய அதே அட்டையை மீளப் பெறுவதற்கே அவர் பணம் கொடுக்கின்றனர். அவ்வட்டையைச் சிவகாசி மறுபடி அச்சிட்டாலும் அது அந்த அட்டையாகாது.

யாழ்ப்பாணத்தில் இந்நூல்களின் வரலாறு வேறொரு பாதையிற் சென்றது. 1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், அந்நியச் செலாவணிச் சிக்கனமும் உள்ளூர் வெளியீட்டு வளர்ச்சியும் கருதித் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து எழுத்தாளர் பலர் இதனை வரவேற்றனர். வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற முயற்சிகள் தழைத்தமைக்கு இக்கட்டுப்பாடு ஒரு காரணம் என்பது மறுக்கற்பாலதன்று. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதும் இதே ஆண்டுகளில் என்பது கவனத்துக்குரியது. ஆகவே இன்று தமிழகத்திற் சேகரிப்பாளர் தேடும் அத்தொடக்க இதழ்கள், அவை புதியனவாயிருந்த காலத்திலேயே தெல்லிப்பழைச் சிறுவனுக்கு அரிய பொருள்களாக இருந்தன. இந்தியா சென்று திரும்புவோரின் பெட்டியில் வந்தவை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. 1977 இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது நிலைமை மாறியது. 1980 களின் சிறுவர்க்கு லயனும் ராணியும் பழக்கமான பெயர்கள்.

பின்னர் வந்தது போர். 1990 ஆனியில் மீண்டும் மூண்ட யுத்தம் வலிகாமம் வடக்கு மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தியது. பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகளைச் சுற்றிய பரந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் மின்சாரமும் மண்ணெண்ணெயும் மட்டுமன்றித் தாளும் அரிதாயிற்று. நாளிதழ்களே பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சிடப்பட்ட காலம் அது. அக்காலத்திற் பழைய நூலின் தாள் பலசரக்குக் கடையிற் சரை சுற்றப் பயன்பட்டதில் வியப்பில்லை. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றுள் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் நகையும் அரிசியும் இருந்தன. சித்திரக்கதை நூல்கள் இருந்திருந்தால் அவை ஒரு பிள்ளையின் பிடிவாதத்தால் மட்டுமே இருந்திருக்கும். விட்டுச் செல்லப்பட்ட வீடுகளிற் கூரை போயிற்று. கூரை போன வீட்டில் தாள் ஒரு மாரியைத் தாங்காது. காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 2015 தையில் மீளத் திறக்கப்பட்டபோதும், நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், மக்கள் திரும்பிக் கண்டது பெரும்பாலும் சுவர்களையும் பற்றைகளையும்தான்.

இவ்வரலாற்றை முன்வைத்து நோக்கும்போது, அருமை என்னும் சொல் ஏலப்பட்டியலிற் பெறும் பொருள் எவ்வளவு குறைபாடுடையது என்பது புலனாகும். சந்தைக்கு அருமை என்பது ஓர் எண்: எத்தனை பிரதிகள் எஞ்சின என்பது. அவ்வெண் எவ்வாறு குறைந்தது என்பதை அது கேட்பதில்லை. அமெரிக்காவிற் பழந்தாள் சேகரிப்பும், யாழ்ப்பாணத்தில் இடப்பெயர்வும் அதற்கு ஒன்றே. அதனோடு, நாம் மேலே குறிப்பிட்ட இரண்டாமவரையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகத்து வெளியீடுகளுக்குச் சென்னையிலும் கோவையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் போட்டியாளர் உளர். ஈழத்தில் அச்சான சிறுவர் இதழ்களும் சித்திரத் தொடர்களும் எண்ணிக்கையில் இவற்றினும் குறைவாகவே எஞ்சியிருக்கக்கூடும். ஆயினும் அவற்றை நினைவிற்கொண்டு தேடுவோர் தொகை சிறிதாகையால் ஏலத்தில் அவற்றுக்கு எதிர்க்கேள்வி எழுவதில்லை. விலையற்றது பேணப்படுவதில்லை, விற்பவரும் அதனைப் படமெடுத்துப் பதிவிடும் சிரமத்தை மேற்கொள்ளார். ரிக்கார்டோ கூறிய அருமைக்கு, விரும்பும் இருவர் வேண்டும் என்னும் நிபந்தனையை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

நிலைமை என்னும் அளவுகோலும் இவ்வாறே. அட்டையின் உட்புறத்திற் கடையின் இறப்பர் முத்திரை, முதற் பக்கத்திற் பென்சிலால் எழுதப்பட்ட பெயரும் வகுப்பும், இரவல் வாங்கியோர் பட்டியல், ஓரத்திற் பசையிட்டு ஒட்டிய கிழிசல், ஜாம் போத்தல் விளக்கின் புகைப்படிவு: தரப்படுத்துவோர்க்கு இவை ஒவ்வொன்றும் புள்ளி குறைக்கும் பழுது. நமது மக்களிடையே வழங்கிய இன்னொரு வழக்கம், பல இதழ்களை ஒன்றாக அடுக்கிக் கட்டிப் 'புத்தகமாக்கி' வைத்தல். பாதுகாக்கும் நோக்கிற் செய்யப்பட்ட அச்செயலே, ஓரம் வெட்டப்பட்டுத் தையற்துளை இடப்பட்டமையால், ஏலத்தில் நூலை ஏறத்தாழப் பெறுமதியற்றதாக்கிவிடுகின்றது. சமூக வரலாற்றாசிரியனுக்கோ இப்பழுதுகளே ஆவணம். முத்திரை, நூல் எந்தக் கடை வழியாக வந்தது என்பதைக் கூறும். விலையின் மேல் அடித்து எழுதிய இலங்கை ரூபா, இறக்குமதியாளர் பெற்ற இலாபத்தைக் கணிக்க உதவும். பெயர்ப்பட்டியல், ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தனர் என்பதற்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அவர்களுள் இருந்தனர் என்பதற்கும் சான்றாகும். வாசிப்பின் வரலாற்றை எழுதுவதற்கு இதனைவிடச் சிறந்த மூலம் எளிதில் அகப்படாது. தொடப்படாத தூய பிரதி, அது தொடப்படவில்லை என்ற ஒரு செய்தியையே நமக்குத் தருகின்றது.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சனம் சார்ந்த ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். இவை நச்சு இலக்கியங்கள் அல்லவா, காட்டு மக்களை ஆளும் வெள்ளைத் தலைவனையும் உளவாளியையும் வீரராகக் காட்டியவை அல்லவா, இவற்றைப் பேணுவானேன் என்று கேட்கப்படலாம். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. வேதாளனின் கதையுலகு குடியேற்றவாதக் கற்பனையின் அப்பட்டமான வடிவமே. ஆனால் அதனை நிறுவுவதற்கும் பிரதி வேண்டும். சிலியில் அலெண்டேயின் ஆட்சிக்காலத்தில், 1971 இல், ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளிற் பொதிந்த ஏகாதிபத்தியக் கருத்தியலை ஆராய்ந்து நூலெழுதினர். நூற்றுக்கணக்கான மலிவு இதழ்களை வரிவரியாகப் படித்தே அவர் அதனைச் செய்தனர். 1973 இன் இராணுவச் சதியின் பின் அந்நூல் எரிக்கப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது. நம்மிடையே இவற்றைக் கண்டித்தவர் பலர். கண்டிக்கப்பட்டதில் ஒரு பிரதியைத்தானும் எடுத்து வைத்தவர் அரியர். ஈழத்துச் சிறுவர் இரு தலைமுறையினர் எதைப் படித்து வளர்ந்தனர் என்பதை ஆராய விரும்பும் மாணவர் இன்று பல்கலைக்கழக நூலகத்தைவிட ஏலக்குழுவிலேயே கூடுதல் தகவலைப் பெறக்கூடிய நிலை இதனால் ஏற்பட்டது.

நூலகங்கள் இவற்றைச் சேர்க்காமைக்குச் சட்ட நியாயமும் உண்டு. 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இலங்கையில் அச்சானவற்றின் பிரதிகளையே அரசுக்கு ஒப்படைக்குமாறு விதித்தது. இறக்குமதியான நூல் அதன் வலைக்குள் வராது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் இத்தகைய மலிவு வெளியீடுகளுக்கு எவ்விடம் இருந்தது என ஆராய்வதும் இன்று அரிது. தனியாள் முயற்சிகளே நம் வரலாற்றில் இவ்விடைவெளியை நிரப்பி வந்துள்ளன. தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் குரும்பசிட்டி, 'ஈழகேசரி' நா. பொன்னையாவைத் தந்த ஊர்; அவ்வூரவரான இரா. கனகரத்தினம் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைகளையும் நறுக்குகளையும் சேகரித்து நுண்படச் சுருள்களில் ஏற்றுவதிற் செலவிட்டார். 1816 இல் அமெரிக்க மிசனரிமார் பாடசாலை தொடங்கியதும், பின்னர் அம்மிசனின் அச்சகம் இயங்கியதும், 1910 இற் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாக் கல்லூரியை நிறுவியதுமான தெல்லிப்பழைச் சூழலில் இத்தகைய ஆவண உணர்வு தோன்றியது தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம்.

விற்பனை என்பதே தீது என்று நாம் கூற வரவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் அவர் 1992 இல் மறைந்த பின்னர் சிகாகோப் பல்கலைக்கழகத்தால் விலைக்கு வாங்கப்பட்டன. அவை கப்பலேறவில்லை, 1994 இற் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்கப்பட்டன. திரட்டு சிதறாமல் ஒருசேர விற்கப்பட்டமையே அங்கு பயன் விளைத்தது. ஏலமுறையின் இயல்போ இதற்கு நேர்மாறானது. நூறு இதழ்கள் கொண்ட பெட்டியைத் தனித்தனி இதழாக விற்றால் மொத்தத் தொகை உயரும். ஒன்றாக விற்றாற் குறையும். ஆதலின் ஒரு வீட்டின் வாசிப்பு நூறு முகவரிகளுக்குப் பிரிந்து போகின்றது.

தெல்லிப்பழையிலிருந்து விற்பவரின் நிலையும் எளிதன்று. அனைத்துலக ஏலத்தளங்களிற் பணம் பெறுவதற்குரிய பேபால் ஏற்பாடு, இலங்கையிற் பணம் செலுத்துவதற்கு மட்டும் பல ஆண்டுகள் திறந்திருந்ததேயன்றிப் பெறுவதற்குத் திறந்திருக்கவில்லை. எனவே வெளிநாட்டிலுள்ள உறவினரோ இடைத்தரகரோ தேவைப்பட்டனர். நூல் ஒரு விலைக்கு இங்கிருந்து போய் வேறொரு விலைக்கு அங்கு விற்கப்பட்டது. 2022 பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, ரூபாவில் உழைப்பவர் எவரும் இவ்வேலங்களில் வாங்குநராக நிற்கவியலாதவராயினர். விற்கும் தூண்டுதலோ அதே அளவுக்குப் பெருகியது. வறுமையின் பொருட்டு ஒரு குடும்பம் பழைய நூலை விற்பதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

நாம் வேண்டுவது மிகச் சிறிய செயலொன்றையே. பெட்டி வீட்டைவிட்டுப் போகுமுன், அதிலுள்ள இதழ்களின் வெளியீட்டெண், மாதம், அச்சிட்ட விலை, மேலெழுதிய விலை, கடை முத்திரை, கட்டப்பட்ட முறை, நூல் வந்த வழிபற்றி வீட்டார் நினைவிற் கொண்டுள்ள செய்தி ஆகியன ஒரு கொப்பியிற் பதியப்பட வேண்டும். பதிப்புரிமையுள்ள கதைகளை அனுமதியின்றி முழுமையாக இணையத்தில் ஏற்றுதல் இயலாது; ஆனால் இத்தகைய விவரப்பட்டியலைத் தொகுப்பதற்கு அவ்வுரிமை தடையாகாது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து அச்சுப் பொருள்களுக்கு ஏற்கெனவே விரிவான பட்டியலை அமைத்துள்ளது. இறக்குமதியாகி இங்கு வாசிக்கப்பட்டவற்றுக்கான பட்டியலைத் தமிழ்த் துறை மாணவர் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். பட்டியலைத் தயாரிப்பவர் கட்டப்பட்ட தொகுதிகளை முதலிற் கேட்டுப் பார்ப்பது நன்று. ஏலத்திற்கு ஆகாதவை என்பதால் அவையே வீடுகளில் இன்னும் கூடுதலாக எஞ்சியுள்ளன. அவற்றின் முதல் உள்தாளிலேதான் பெயர்களும் இருக்கும்.